கோணல் வாய்க் குலம்

சங்கரன்கோவிலுக்குப் போய் வந்த சகோதரிகளுக்கு அந்தக் கோயிலைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பாதி சிவனும் மறு பாதி விஷ்ணுவுமாக நிற்கும் சங்கரநாராயணர், தவமிருந்த கோமதி அம்மன், பிரசாதமாகக் கிடைக்கும் புற்று மண், ஊர் கொள்ளாத ஆடித் தபசுக் கூட்டம், எல்லாம் தெரிந்த சமாசாரம். அந்தக் கோயிலுக்குள்ளேயே பூலித்தேவர் பெயரால் ஓர் அறை இருக்கிறதே, அதைப் பார்த்தீர்களோ? அவசரத்தில் பலர் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள்.

கம்பெனிச் சிப்பாய்கள் பூலித்தேவரைப் பிடித்துக்கொண்டு போகும் வழியில், "சங்கரனைக் கும்பிட்டுவிட்டு வருகிறேன்" என்று அவர் கேட்டாராம். உள்ளே போனவர் மனம் உருகிப் பாடினாராம். கைவிலங்கு தெறித்து விழுந்ததாம். அப்படியே ஜோதியில் மறைந்துவிட்டாராம். வாசலில் நின்றவர்களுக்குக் காத்திருந்ததுதான் மிச்சம்! அந்தச் சீமையில் பாட்டிமார் பேரப் பிள்ளைகளுக்குச் சொல்லும் கதை இது. சரித்திரப் புஸ்தகத்தைப் புரட்டினால் அங்கே ஜோதி இல்லை. 1767-ம் வருஷம், சில கோட்டைகள், அவற்றைப் பிடித்த கம்பெனிப் படைத் தலைவரின் பெயர், அவ்வளவுதான் இருக்கிறது. அந்தப் பெயர் கர்னல் டொனால்டு காம்பெல்.

இந்த வாரம் அந்தப் பெயரைத்தான் நாம் கையில் எடுத்துக்கொள்ளப் போகிறோம். டொனால்டு என்பது அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர். காம்பெல் என்பது குலப் பெயர். ஸ்காத்லாந்து தேசத்து மலைநாட்டில் எழுநூறு வருஷங்களுக்கு மேலாக வழிவழியாக வருகிற பெயர் அது. ஒரு பெயர் இத்தனை காலம் உயிரோடு இருந்தால் அதன் மேல் எவ்வளவு புகழ் ஏறும், எவ்வளவு அழுக்கு ஏறும்! அதைச் சுமக்கிறவர்களுக்கு அது சொத்தா, சுமையா? சீமைக் கதை நமக்கு எதற்கு என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். கதை சுற்றிச் சுற்றி நம் வீட்டு வாசலுக்கே வந்து சேரும்.

முதலில் பெயரின் பொருளைக் கேளுங்கள். ஸ்காத்லாந்து மலைநாட்டாரின் பழைய பாஷை கேலிக். அந்தப் பாஷையில் 'காம்' என்றால் கோணல். 'பியூல்' என்றால் வாய். காம்பெல் என்றால் கோணவாயன்! அவ்வளவு பெரிய பிரபு வம்சத்தின் பெயருக்கு இதுதான் அர்த்தம். எந்தக் காலத்திலோ ஒரு மூதாதைக்கு வாய் சற்றுக் கோணி இருந்திருக்கிறது. ஊரார் வைத்த பட்டப்பெயர் பிள்ளைக்கும் பேரனுக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது. நம் ஊர்களிலும் 'நெட்டையன் வீடு', 'மொட்டையன் வீடு' என்று சொல்கிறோமே, நெட்டையனும் மொட்டையனும் போய்ச் சேர்ந்து நான்கு தலைமுறை ஆன பிறகும் அந்த வீட்டுக்கு அந்தப் பெயர் போவதில்லையே, அந்த மாதிரிதான். 1263-ம் வருஷத்திய கணக்கு ஒன்றிலேயே கில்லெஸ்பிக் காம்பெல் என்ற ஒருவரின் பெயர் இருக்கிறது.

செல்வமும் அந்தஸ்தும் வந்த பிறகு கோணவாயன் என்று சொல்லிக்கொள்ள யாருக்குத்தான் பிடிக்கும்? கற்றறிந்தவர்கள் சிலர் வேறு ஒரு பொருளைக் கண்டுபிடித்துக் கொடுத்தார்கள். லத்தீன் பாஷையில் 'காம்போ பெல்லோ' என்றால் அழகிய வயல். அதிலிருந்துதான் காம்பெல் வந்தது என்றார்கள். ஆங்கிலத்தில் இந்தப் பெயரை எழுதும்போது நடுவில் 'பி' என்ற எழுத்து ஒன்று உச்சரிப்பில்லாமல் சும்மா உட்கார்ந்திருக்கிறதே, அது இந்த 'அழகிய வயல்' ஆசையால் வந்து புகுந்ததுதான் என்பார்கள். வாயை நேராக்க முடியாவிட்டாலும் எழுத்தை நேராக்கிவிடலாம் அல்லவா?

இதில் சிரிக்க ஒன்றுமில்லை. பெயரை வளைத்துக் கதை சொல்லும் வித்தை நம்மிடமும் உண்டு. பூலித்தேவரின் ஊர் நெற்கட்டும்செவல். வெள்ளைக்காரனுக்குக் கப்பமாக ஒரு மணி நெல்லும் கட்ட மாட்டேன் என்று அவர் நின்றதால் அது 'நெல் கட்டான் செவல்' ஆயிற்று என்று அந்தப் பக்கத்தில் பெருமையோடு சொல்கிறார்கள். அவர்கள் அவமானத்தை மறைக்கப் பெயரை மாற்றினார்கள். இவர்கள் மானத்தைக் காட்ட மாற்றினார்கள்.

★

குலம் என்று சொன்னேன். கேலிக் பாஷையில் அதற்கு 'கிளான்' என்று பெயர். பிள்ளைகள் என்று அர்த்தம். ஒரு தலைவன், அவனுக்குக் கல்லால் கட்டிய ஒரு கோட்டை, கோட்டையைச் சுற்றி அவனுடைய நிலத்தை உழுது, அவனுடைய மாட்டை மேய்த்துப் பிழைக்கும் ஜனங்கள். அவன் சொல்லி அனுப்பினால் வீட்டுக்கு ஓர் ஆள் வாளோடு வந்து நிற்க வேண்டும். பஞ்சம் வந்தால் அவன் சோறு போட வேண்டும். வழக்கு வந்தால் அவன்தான் நீதிபதி. நம் பாளையக்காரரையும் பாளையத்தையும் அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. காம்பெல் என்று பெயர் போட்டுக்கொண்டவர்கள் எல்லாரும் அந்தக் கோணல் வாய்க்காரரின் ரத்தம் என்று நினைத்துவிடாதீர்கள். தலைவனின் நிழலில் ஒதுங்கியவர்கள், அவன் நிலத்தைப் பயிர் செய்தவர்கள் பலரும் அவன் பெயரையே தங்கள் பெயராக்கிக்கொண்டார்கள். ரத்தத்தால் வந்தவர் பாதி என்றால், நிழலுக்கு வந்தவர் பாதி. குலப் பெயர் என்பதே இப்படித்தான். பார்த்தால் ஒரே மரம் போல இருக்கும், வேரைத் தோண்டினால் பல செடிகள்.

காம்பெல் குலம் ஸ்காத்லாந்தின் மேற்குக் கரையில் ஆர்கைல் என்ற சீமையில் வளர்ந்தது. 13-ம் நூற்றாண்டின் கடைசியில் சண்டையில் இறந்த காலின் என்ற தலைவரைப் 'பெரிய காலின்' என்று கொண்டாடினார்கள். அன்று முதல் குலத் தலைவருக்குப் 'பெரிய காலினின் மைந்தன்' என்பதே பட்டம். அவருடைய மகன் நீல், ஸ்காத்லாந்தின் விடுதலைக்குப் போராடிய ராபர்ட் புரூஸ் அரசருக்குக் கஷ்ட காலத்தில் தோள் கொடுத்தார். அரசரின் சகோதரி மேரியை மணந்தார். நிலம் வந்தது, பதவி வந்தது. 1457-ல் ஆர்கைல் பிரபு என்ற பட்டம்; 1701-ல் அதைவிடப் பெரிய டியூக் பட்டம். 2001-ல் தலைமைக்கு வந்த 13-வது டியூக் வரை அந்த வரிசை அறுபடவில்லை. இன்வெரரி என்ற ஊரில் அவர்களுடைய கோட்டை இன்றும் இருக்கிறது. அவர்களுடைய குல வாசகம்: 'மறவாதே.'

வாளால் வந்த நிலத்தைவிடக் கல்யாணத்தால் வந்த நிலம் அவர்களுக்கு அதிகம் என்று அயல் குலத்தார் முணுமுணுப்பார்கள். அதற்கு ஒரு கதை சொல்கிறேன். பெண்ணைப் பெற்றவர்கள் மனசைத் திடப்படுத்திக்கொண்டு கேளுங்கள்.

காடர் என்று ஒரு கோட்டை. ஷேக்ஸ்பியரின் மாக்பெத் நாடகத்தைப் படித்தவர்களுக்கு அந்தப் பெயர் ஞாபகம் இருக்கும். அந்தக் கோட்டைக்கும் நிலத்துக்கும் வாரிசாக மிஞ்சியது மியூரியல் என்ற ஒரு பச்சைக் குழந்தை, தகப்பன் இல்லை. 1499-ம் வருஷம் காம்பெல் ஆட்கள் வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். இப்படி நடக்கும் என்று வீட்டுப் பெண்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. வேறு ஒரு குழந்தையைக் காட்டி இதுதான் மியூரியல் என்று பிற்பாடு யாரும் ஏமாற்றிவிடக் கூடாதே! அதற்காகக் குழந்தையின் இடுப்பில் சாவியைக் காய்ச்சிச் சூடு போட்டார்களாம்; செவிலி அதன் சுண்டு விரல் நுனியைக் கடித்து எடுத்தாளாம். தூக்கிப் போகிறவர்களிடம் யாரோ, "இந்தக் குழந்தை வழியில் செத்துப்போனால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார்களாம். "எங்கள் ஊர் ஏரிக்கரையில் செம்பட்டை முடியுள்ள ஒரு பெண் குழந்தை இருக்கிற வரையில் இவள் சாக மாட்டாள்" என்று பதில் வந்ததாம்!

மியூரியல் சாகவில்லை. பன்னிரண்டாவது வயதில், 1510-ல், ஆர்கைல் பிரபுவின் மகன் ஜான் காம்பெலுக்கு அவளைக் கல்யாணம் செய்து வைத்தார்கள். தம்பதிகள் நெடுங்காலம் நன்றாகவே வாழ்ந்தார்கள் என்கிறது குடும்ப வரலாறு. அதன் பிறகு அந்தக் கோட்டையில் பிறந்தவர்கள் எல்லாரும் 'காடர் காம்பெல்'கள். கோட்டை அவளுடையது, நிலம் அவளுடையது. பெயர் மட்டும் காம்பெல்களுடையது. குலப் பெயரின் பட்டியலில் தேடினால் அந்தக் குழந்தையின் சுண்டு விரலைப் போலவே அவளுடைய தகப்பன் வழிப் பெயரும் வெட்டுண்டு கிடக்கிறது.

★

இனி அழுக்கின் கதை. இன்றைக்கும் காம்பெல் என்றதும் ஸ்காத்லாந்துக்காரர் பலருக்கு முதலில் ஞாபகம் வருவது கிளென்கோ என்ற பள்ளத்தாக்குதான்.

அங்கே மக்டொனால்டு குலத்தின் ஒரு கிளை வாழ்ந்து வந்தது. அரசர் வில்லியத்துக்கு 1692 ஜனவரி 1-ம் தேதிக்குள் எல்லாத் தலைவர்களும் விசுவாசப் பிரமாணம் செய்ய வேண்டும் என்று உத்தரவு. கிளென்கோ தலைவர் மக்கியன் கிழவர். கடைசி நாளில் கிளம்பினார். தவறான ஊருக்குப் போய்விட்டார். பனியில் அலைந்து இன்வெரரிக்குப் போய்ப் பிரமாணம் செய்தபோது ஜனவரி 6 ஆகிவிட்டது. ஐந்து நாள் தாமதம். தலைநகரத்தில் இருந்த மந்திரி டால்ரிம்பிளுக்கு அந்த ஐந்து நாள் போதுமானதாக இருந்தது. அரசரின் கையெழுத்தோடு உத்தரவு புறப்பட்டது.

பிப்ரவரி முதல் தேதி 120 சிப்பாய்கள் கிளென்கோவுக்கு வந்தார்கள். தலைவர் கேப்டன் ராபர்ட் காம்பெல். 'தங்க இடம் வேண்டும்' என்றார்கள். மலைநாட்டில் வந்தவருக்குச் சோறும் படுக்கையும் மறுப்பது மகா பாவம். தவிரவும் ராபர்ட் காம்பெல் அந்நியரா என்ன? அவருடைய உறவுப் பெண் ஒருத்தி மக்கியனின் இளைய மகனுக்கு வாழ்க்கைப்பட்டிருந்தாள். சம்பந்தி வீட்டுக்காரர்! ஏறக்குறைய இரண்டு வாரம் வீட்டுக்கு வீடு விருந்து, ராத்திரியில் சீட்டாட்டம். பிப்ரவரி 13-ம் தேதி விடியற்காலை, வெளியே பனிப்புயல். எந்தக் கையால் சோறு போட்டார்களோ அந்தக் கையை எடுத்துக் கும்பிடக்கூட அவகாசம் கொடுக்காமல் சுட்டார்கள். செத்தவர்கள் 38 பேர். கிழவர் மக்கியன் படுக்கையிலிருந்து எழுந்திருக்கும்போதே விழுந்தார். அவர் மனைவியின் விரலிலிருந்த மோதிரங்களைப் பல்லால் கடித்து இழுத்தார்கள் என்று சொல்வார்கள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மலைக்கு ஓடிய பெண்களில் பலர் பனியில் உறைந்து இறந்தார்கள்.

உண்ட வீட்டுக்கு இரண்டகம்! நம் பாஷையில் இதற்குப் பழமொழி இருக்கிறது; அவர்கள் சட்டத்திலேயே இதற்குத் தனிப் பெயர் இருந்தது: நம்பியவரைக் கொன்ற குற்றம். 1695-ல் விசாரணை நடந்தது. கொலை என்று தீர்ப்பும் வந்தது. யாருக்கும் தண்டனை வரவில்லை. தண்டனை வந்தது அந்தப் பெயருக்கு. கிளென்கோவில் ஒரு விடுதியின் வாசலில், 'தெரு வியாபாரிகளுக்கும் காம்பெல்களுக்கும் இடமில்லை' என்று பலகை மாட்டி வைத்திருக்கிறார்கள். பாதி வேடிக்கைதான், மறு பாதி வேடிக்கை இல்லை.

நிதானமாக யோசித்துப் பாருங்கள். உத்தரவு போட்ட மந்திரி காம்பெல் இல்லை. கையெழுத்திட்ட அரசர் காம்பெல் இல்லை. அந்த 120 சிப்பாய்களில் காம்பெல் என்ற பெயருடையவர்கள் மிகச் சிலரே. இன்னொன்றும் கேளுங்கள். தாமதமாக வந்த கிழவரின் பிரமாணத்தை இரக்கப்பட்டு ஏற்றுக்கொண்ட இன்வெரரி அதிகாரி யார் தெரியுமா? அவரும் ஒரு காம்பெல்தான். ஆர்ட்கிங்லஸ் என்ற இடத்து காலின் காம்பெல். கொன்றவரும் காம்பெல், காப்பாற்ற நினைத்தவரும் காம்பெல். பெயரை மட்டும் பார்க்கிறவர்களுக்கு இந்த வித்தியாசம் எப்படித் தெரியும்?

★

இப்போது கப்பலேறி நம் ஊருக்கு வருவோம். 1746 ஏப்ரல் 16-ம் தேதி கல்லோடன் என்ற இடத்தில் மலைநாட்டுக் குலங்களில் பல, லண்டன் அரசாங்கத்தை எதிர்த்து நின்று தோற்றன. காம்பெல்களில் பெரும்பாலோர் அரசாங்கத்தின் பக்கம் இருந்தார்கள். தோற்றவர்களின் கோட்டைகள் எரிந்தன. வாள் வைத்திருந்தால் குற்றம் என்று சட்டம் வந்தது. மலைநாட்டார் தங்கள் கட்டம் போட்ட கம்பளி உடையை உடுத்துவதும் குற்றமாயிற்று. உடைக்கு வந்த தடை 1782-ல்தான் நீங்கியது. ஜெயித்த குலத்து இளைஞர்களும் தோற்ற குலத்து இளைஞர்களும் பிழைப்புத் தேடிக் கம்பெனிப் படையில் சேர்ந்தார்கள். அப்படிப் படையில் சேர்ந்து தெற்கே வந்த ஸ்காத்லாந்துப் பெயர்களில் ஒன்றுதான் டொனால்டு காம்பெல்.

1755-ல் கர்னல் ஹெரான் நெற்கட்டும்செவல் கோட்டைக்கு முன்னால் நின்று பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பியிருந்தார். 1761-ல் யூசுப்கான் நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர்க் கோட்டைகளைப் பிடித்தார். 1764-ல் அந்த யூசுப்கானையே தூக்கில் போட்டார்கள். பூலித்தேவர் பழையபடி எழுந்தார். 1767-ல் காம்பெல் பீரங்கிகளோடு வாசுதேவநல்லூருக்கு வந்தார். மண் கோட்டைதான். பீரங்கி சுவரில் ஓட்டை போட, உள்ளே இருந்தவர்கள் பனை ஓலையும் வைக்கோலும் மண்ணும் கொண்டு அடைக்க, மறுபடி ஓட்டை, மறுபடி அடைப்பு. சாவை லட்சியம் செய்யாத அந்த மனிதர்களின் துணிச்சலைக் கண்டு காம்பெலே வியந்து எழுதினார். கடைசியில் கோட்டை விழுந்தது. பூலித்தேவர் தப்பினார். அதற்குப் பிறகு சரித்திரத்துக்கு அவரைத் தெரியவில்லை. சங்கரன்கோவில் பாட்டிமாருக்குத்தான் தெரியும்.

இன்னும் 32 வருஷம் போயிற்று. 1799 அக்டோபர் 16-ம் தேதி கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கில் போட்டார் மேஜர் பானர்மன். அந்தப் பெயரும் ஸ்காத்லாந்துக் குலப் பெயர்தான். அரசரின் கொடியைத் தூக்கிச் செல்பவர் என்று அர்த்தம். திருநெல்வேலிச் சீமையில் கோட்டைகளை இடிக்க வேண்டும், ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு பிறந்தது. அரை நூற்றாண்டுக்கு முன் ஸ்காத்லாந்து மலைகளில் எது நடந்ததோ, அதுவே செவக்காட்டிலும் நடந்தது. அங்கே அடிபட்ட நாட்டின் பிள்ளைகள் இங்கே வந்து அடித்தார்கள். உலகம் இப்படியும் சுழல்கிறது.

ஆகவே சங்கரன்கோவில் பக்கத்தார் காம்பெல் என்ற பெயரைக் கேட்டு முகம் சுளித்தால் அதில் தப்பில்லை. ஆனால் அவசரப்படாதீர்கள். அதே பெயர் மதராஸிலும் இருந்தது.

1786-ல் சென்னைக்குக் கவர்னராக வந்தவர் சர் ஆர்ச்சிபால்டு காம்பெல். அவருடைய மனைவி அமீலியா, ஆலன் ராம்சே என்ற புகழ் பெற்ற ஓவியரின் மகள். சிப்பாய்த் தகப்பன் சண்டையில் செத்துப்போக, மதராஸ் தெருவில் நின்ற பெண் குழந்தைகளுக்காக 1787-ல் இந்த அம்மாளின் ஆதரவில் ஓர் அநாதை விடுதி தொடங்கியது. ஆண் பிள்ளைகளுக்கான விடுதி அதற்குப் பிறகுதான் வந்தது. பெண் குழந்தைகளுக்கு முதலிடம் கிடைத்த அபூர்வ சம்பவங்களில் இது ஒன்று!

இன்னொருவர் ஏ. டி. காம்பெல், சிவில் உத்தியோகஸ்தர். 1816-ல் அவர் சென்னையில் ஒரு தெலுங்கு இலக்கணம் வெளியிட்டார். அதன் முன்பகுதியில்தான் எல்லிஸ் துரை தம்முடைய பிரசித்தமான குறிப்பைச் சேர்த்தார்: தமிழ், தெலுங்கு, கன்னடம் முதலியவை ஒரே குடும்பம், சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை அல்ல என்று. கால்டுவெல் தம்முடைய ஒப்பிலக்கணத்தை வெளியிட்டது 40 வருஷம் கழித்து, 1856-ல். நம் பாஷையின் குலம் எது என்ற கேள்விக்கு முதலில் அச்சில் பதில் வந்த புஸ்தகத்தின் அட்டையில் இருப்பது காம்பெல் என்ற குலப் பெயர்!

அதே காம்பெல் பல்லாரியில் கலெக்டராக இருந்தபோது, 1823-ல், ஜில்லாவின் திண்ணைப் பள்ளிக்கூடங்களைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். 533 பள்ளிகள்; 6,641 பிள்ளைகள். மூத்த பிள்ளைகள் இளைய பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் நம் முறையை அவர் புகழ்ந்தார். இங்கிலாந்து அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டது பொருத்தமே என்றார். ஜனங்கள் ஏழைகளாகிக்கொண்டே போவதால் பள்ளிகள் நசிகின்றன என்றும் மறைக்காமல் எழுதினார். அந்த 6,641 பேரில் பெண்கள் எத்தனை பேர் தெரியுமா? 60. அந்த எண்ணை அவர் குறித்து வைக்காவிட்டால் நமக்கு இன்று எப்படித் தெரியும்?

★

பெயர் பிறப்பால்தான் வர வேண்டும் என்பதும் இல்லை. 1857-ல் லக்னோவை மீட்ட படைத் தலைவர் சர் காலின் காம்பெலைப் பற்றிப் பள்ளிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அவர் கிளாஸ்கோ நகரத்துத் தச்சர் ஒருவரின் மகன். தகப்பனார் பெயர் மக்லிவர். தாய் வீட்டுப் பெயர்தான் காம்பெல். பதினைந்து வயதுப் பையனைத் தாய்மாமனான கர்னல் காம்பெல், ராணுவத் தலைவராக இருந்த இளவரசரிடம் அழைத்துப் போனார். இளவரசர் மருமகனையும் ஒரு காம்பெல் என்றே நினைத்து அப்படியே பதிந்துவிட்டாராம். "இருக்கட்டும், ராணுவத்துக்கு நல்ல பெயர்தான்" என்று மாமன் சொல்லிவிட, மக்லிவர் மறைந்து காம்பெல் நிலைத்தது. தாயின் பெயர் மகனுக்கு வர ஓர் இளவரசர் தவறு செய்ய வேண்டியிருந்தது!

ஜமைக்காத் தீவின் கதை இதைவிடக் கசப்பு. 1700-ம் வருஷ வாக்கில் ஆர்கைலிலிருந்து ஒரு காம்பெல் அங்கே போய்க் கரும்புத் தோட்டம் போட்டார். அவருக்குப் பின் உறவுக்காரர்கள் போனார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கு பூட்டிக் கொண்டுவரப்பட்ட மக்கள் அந்தத் தோட்டங்களில் உழைத்துச் செத்தார்கள். அவர்களுடைய சொந்தப் பெயர்கள் அழிந்தன. எஜமானர்களின் பெயர்கள் ஒட்டின. 1838-ல் முழு விடுதலை வந்தபோது பெயர் மட்டும் தங்கிவிட்டது. இன்று ஜமைக்காவில் மிக அதிகமாகக் காணும் குலப் பெயர்களில் ஒன்று காம்பெல். உலகப் பிரசித்தி பெற்ற அழகி நவோமி காம்பெலின் குடும்பம் அந்தத் தீவிலிருந்து வந்ததே. அவருடைய பெயரைக் கேட்டு ஆர்கைல் கோட்டையை நினைப்பதா, கரும்புத் தோட்டத்தை நினைப்பதா?

ஆகக் கூடிக் காம்பெல் என்று ஒருவர் நம் முன்னால் வந்து நின்றால் நமக்கு என்ன தெரிகிறது? கோணல் வாயரின் ரத்தமா, நிழலுக்கு வந்தவரா, தாய் வழியில் வந்தவரா, அடிமைப்பட்டவரின் பேத்தியா? கிளென்கோவின் காம்பெலா, மதராஸ் அநாதை விடுதியின் காம்பெலா? ஒன்றும் தெரிவதில்லை. சங்கரநாராயணரை ஒரு பக்கமாக நின்று பார்த்தால் பாதிதான் தெரியும். குலப் பெயரும் பாதிதான் சொல்கிறது.

★

நம் சமாசாரத்துக்கு வருவோம். தமிழர்களாகிய நமக்கு ஐரோப்பியரைப் போலக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டுக்கொள்கிறோம். அடுத்த தலைமுறையில் எழுத்து மாறிவிடுகிறது. பெயரின் வாலாக ஒரு காலத்தில் ஜாதிப் பட்டம் இருந்தது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு அதை விட்டுவிடச் சொல்லித் தீர்மானம் போட்டது. தமிழ்நாட்டில் பெரும்பாலோர் விட்டும் விட்டார்கள். ஒரு பிள்ளை பள்ளிக்கூடத்தில் போய் உட்காரும்போது, அதன் தாத்தாவின் தாத்தா யாரை அடித்தார், யாரிடம் அடி வாங்கினார் என்ற கணக்கு அதன் பெயரில் இல்லாமல் இருப்பது எவ்வளவு பெரிய நிம்மதி! காம்பெல் வீட்டுக் குழந்தையைக் கேட்டால் சொல்லும்.

ஆனால் நம் ஏற்பாட்டிலும் ஒரு குறை உண்டு. அந்த முதலெழுத்து தகப்பனுடையது, கல்யாணமானால் புருஷனுடையது. பெற்றவளின் எழுத்து எங்கே? ஸ்காத்லாந்தில் பழைய வழக்கப்படி கல்யாணமான பெண்ணுக்கும் பத்திரங்களில் பிறந்த வீட்டுப் பெயரே எழுதுவார்கள். அங்கே கல்லறைக் கற்களைப் பார்த்தால், புருஷன் பெயர் மக்டொனால்டு என்று இருக்கும். பக்கத்திலேயே மனைவியின் பெயர் காம்பெல் என்று இருக்கும். ஜன்மப் பகைக் குலங்கள் ஒரே கல்லின் கீழே அமைதியாகத் தூங்கும்!

அவ்வளவு தூரம் போவானேன்? பூலித்தேவரின் சீமையிலேயே கொண்டையன்கோட்டை மறவர்களிடம் 'கிளை' என்று ஒன்று உண்டு. பிள்ளைகள் தகப்பனின் கிளையில் சேர்வதில்லை. தாயின் கிளையில்தான் சேர்வார்கள். ஒரே கிளையில் பெண் கொடுத்து எடுப்பதில்லை. சம்பந்தம் பேச வரும்போது முதலில் கேட்கும் கேள்வியே, "என்ன கிளை?" என்பதுதான். அதற்குப் பதில் சொல்லத் தாயை, தாயின் தாயை, அவளுடைய தாயை நினைத்துத்தான் ஆக வேண்டும். வாளெடுத்துச் சண்டை போட்ட சமூகம், பெண் வழியை மறக்காமல் இருக்க இப்படி ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறது. இன்று நகரங்களிலும் தாய் தந்தை இருவரின் முதலெழுத்தையும் சேர்த்துப் போட்டுக்கொள்ளும் பிள்ளைகளைப் பார்க்கிறோம். நல்ல வழக்கம்; வளரட்டும்.

சகோதரிகளே, இந்த வாரம் உங்களுக்கு ஒரு வேலை வைக்கிறேன். அடுப்பில் பால் பொங்குவதற்குள் முடியும் வேலைதான் என்று நினைப்பீர்கள்; ஆரம்பித்துப் பாருங்கள். உங்கள் அம்மாவின் பெயரை ஒரு காகிதத்தில் எழுதுங்கள். அதன் கீழே அம்மாவின் அம்மா. அதன் கீழே அவருடைய அம்மா. மூன்றாவது பெயரில் பேனா நின்றுவிடுகிறதா? அநேகமாக எல்லா வீட்டிலும் நின்றுவிடும். வீட்டில் வயதான பாட்டியோ, ஊரில் ஓர் அத்தையோ இருந்தால் இன்றே கேளுங்கள். எந்த ஊரில் பிறந்தார், எப்படி வாழ்ந்தார், யாருக்குச் சோறு போட்டார் என்று கேட்டு இரண்டு வரி எழுதி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழோடு சேர்த்து வைத்துவிடுங்கள். குலப் பெருமைக்காக அல்ல. அந்த அம்மாள் பட்ட பாடும் செய்த நன்மையும் அவர் பெயரிலேயே இருக்கட்டும் என்பதற்காக.

காம்பெல்கள் தங்கள் கேடயத்தில் எழுதி வைத்த 'மறவாதே' என்ற சொல்லை நாம் சும்மா கடன் வாங்கிக்கொள்ளலாம். அதற்கு அவர்கள் வட்டி கேட்கப் போவதில்லை.